நிறுவனத்தை நடத்தும் சாஃப்ட்வேர்: ஊழியருக்கு நியாயம் எங்கே எழுதப்படுகிறது?

மதுரையில் வைகையின் வடகரையில் இருக்கும் கோரிப்பாளையத்தில் தர்கா, அரசு ராஜாஜி மருத்துவமனை, கல்லூரிகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை நம்பி மருந்துக் கடை, லாட்ஜ், ஓட்டல், மொபைல் கடை, டிராவல்ஸ் என்று எத்தனையோ தொழில்கள் நடக்கின்றன. நம் சமுதாயத்தவர் நடத்தும் கடைகளும் அவற்றில் உண்டு. 10 பேர், 20 பேர் வேலை செய்யும் இடங்களில்கூட நிர்வாகம் பெரும்பாலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் ஒரு வாட்ஸ்அப் குழுவிலும்தான் ஓடுகிறது.

நம் பிள்ளைகளில் பலர் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவிலோ சென்னையிலோ வளைகுடா நாடுகளிலோ வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு இன்று என்ன வேலை, எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், லீவு உண்டா என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் திரைதான் சொல்கிறது. மேலாளரின் முகத்தைப் பார்க்காமலே மாதங்கள் ஓடிவிடுகின்றன.

முதலாளியாக இருந்தாலும் ஊழியராக இருந்தாலும் இந்த சாஃப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது என்று நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது.

செயல்முறை என்றால் என்ன?

பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக பி.பி.எம்., என்பதைத் தமிழில் வணிகச் செயல்முறை மேலாண்மை என்கிறார்கள். பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு வேலை தொடங்கி முடிவது வரை என்னென்ன படிகள், ஒவ்வொரு படியும் யார் பொறுப்பு, எவ்வளவு நேரத்தில் முடிய வேண்டும், முடியாவிட்டால் யாருக்குத் தெரிய வேண்டும் என்று வரையறுத்து, அதன்படி நடக்கிறதா என்று கண்காணிப்பதுதான் அது.

12 பேர் வேலை செய்யும் ஓர் உம்ரா டிராவல்ஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பதிவு, பணம் பெறுதல், பாஸ்போர்ட் வாங்கிச் சரிபார்த்தல், தடுப்பூசிச் சான்று, விசா, டிக்கெட், தங்குமிடம், வழியனுப்புதல் என்று படிகள் இருக்கின்றன. பாஸ்போர்ட் வாங்கி வைத்த ஊழியர் திடீரென்று காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்தப் பாஸ்போர்ட் காலாவதியாக 6 மாதம்கூட இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். விசா கட்டத்தில்தான் மற்றவர்களுக்குத் தெரியவருகிறது. பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த ஒரு மூதாட்டியின் பயணம் நின்றுபோகிறது. ஊழியர் மீது பழி, முதலாளி மீது கோபம். உண்மையில் தவறியது, செய்தி ஒருவருடைய தலைக்குள் மட்டுமே இருந்ததுதான்.

ஆளுக்கா, பொறுப்புக்கா?

இத்தகைய சாஃப்ட்வேரில் வேலையை ஆளின் பெயருக்கு எழுதுவதில்லை, பொறுப்பின் பெயருக்குத்தான் எழுதுவார்கள். "பாஸ்போர்ட் சரிபார்ப்பவர்", "கணக்காளர்", "கிளை மேலாளர்" என்பவை பொறுப்புகள். இன்று அந்தப் பொறுப்பில் யார் இருக்கிறார் என்பது தனிப் பட்டியலில் இருக்கும். ஆள் மாறினால் பட்டியலில் ஒரு பெயரை மாற்றினால் போதும், செயல்முறை அப்படியே நிற்கும்.

செயல்முறைகளை வரைந்து காட்ட உலகம் முழுவதும் பயன்படும் பி.பி.எம்.என். என்ற குறியீட்டு முறையின் இரண்டாம் பதிப்பு 2011இல் வெளியானது. அதிலும் இதே வழிதான். நீச்சல் குளத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடம் பிரிப்பது போல, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு தடம். கட்டம் எந்தத் தடத்தில் இருக்கிறதோ அவருக்கு அந்த வேலை.

வேலையைப் பிரிக்கும் வழிகள்

ஒரு பொறுப்பில் மூன்று பேர் இருந்தால் புதிதாக வரும் வேலை யாருக்குப் போகும்? ஊழியரின் அன்றாட வாழ்க்கையைத் தொடுவது இந்தக் கேள்விதான். 2005இல் நெதர்லாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து, சாஃப்ட்வேர்கள் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் முறைகளை 43 வகைகளாகத் தொகுத்தார்கள். அவற்றில் அடிப்படையான இரண்டைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

முதலாவது, ஒதுக்குவது. சாஃப்ட்வேரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து வேலையை அவர் கணக்கில் சேர்த்துவிடும். வரிசை முறையில் கொடுக்கலாம், கையில் குறைவான வேலை இருப்பவருக்குக் கொடுக்கலாம், அனுபவம் பார்த்தும் கொடுக்கலாம்.

இரண்டாவது, முன்வைப்பது. வேலை மூவரின் திரையிலும் தெரியும். யார் முதலில் எடுக்கிறாரோ அவருடையது.

இரண்டிலும் அநியாயம் நுழைய வாசல் இருக்கிறது. "வேகமாக முடிப்பவருக்கே கொடு" என்று விதி எழுதினால், நன்றாக உழைப்பவர் தலையில்தான் எல்லாச் சுமையும் ஏறும். "விரும்பியவர் எடுக்கலாம்" என்றால், சுலபமானதைச் சிலர் அள்ளிக்கொள்ள, சிக்கலானது பேசத் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேரும். மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால், சுலபமான 50 வேலை முடித்தவர் திறமைசாலியாகவும், கடினமான 20 வேலை முடித்தவர் சோம்பேறியாகவும் தெரிவார். எண்ணிக்கை சரிதான், நீதிதான் இல்லை. ஆகவே வேலையின் எண்ணிக்கையோடு அதன் கடினத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுத வேண்டும்.

லீவு எடுத்தால் வேலை என்னவாகும்?

நல்ல சாஃப்ட்வேரில் லீவுப் பதிவும் வேலைப் பட்டியலும் இணைந்திருக்கும். ஒருவர் லீவில் இருந்தால் அவருக்குப் போக வேண்டியது முன்பே குறித்து வைத்த மாற்று ஆளுக்குப் போகும். குறித்த நேரத்தில் முடியாத வேலை தானாக மேலாளருக்குத் தெரிவிக்கப்படும். நாம் சொன்ன உதாரணத்தில் பாஸ்போர்ட்டின் காலாவதித் தேதி முதல் நாளே பதிவாகியிருந்தால், யார் லீவில் இருந்தாலும் அடுத்தவர் திரையில் அது தெரிந்திருக்கும். மூதாட்டியின் பயணமும் நின்றிருக்காது.

ஊழியருக்கும் இதில் நிம்மதி உண்டு. காய்ச்சலில் படுத்திருப்பவருக்கு "அந்த ஃபைல் எங்கே வைத்தாய்?" என்று பத்து முறை போன் வராது.

இன்னொரு நல்ல வழக்கம், ஒரே ஆள் இரண்டு படிகளையும் செய்யக் கூடாது என்ற விதி. பணம் வாங்கியவரே கணக்கைச் சரிபார்க்க முடியாதபடி சாஃப்ட்வேர் தடுக்கும். இது ஊழியரைச் சந்தேகிக்கும் ஏற்பாடு என்று நினைக்கத் தேவையில்லை. நாளை 5,000 ரூபாய் குறைந்தால், நேர்மையானவர் மீது பழி விழாமல் காப்பதும் இதே விதிதான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லும் மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது புதிய பாடமே இல்லை.

சேரும் நாள் முதல் விலகும் நாள் வரை

ஒருவர் வேலைக்குச் சேர்வதும் ஒரு செயல்முறைதான். சான்றிதழ் சரிபார்ப்பு, நியமனக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், பயிற்சி ஆகியவை அதன் படிகள். 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். பதிவு, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. பதிவு ஆகியவற்றையும் கட்டாயப் படிகளாக வைத்துவிட்டால் மறந்துபோக வழியில்லை.

சம்பளமும் அப்படியே. உழைத்தவரின் கூலியைத் தாமதிக்காமல் கொடுப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கச் சொல்கிறது. வேலையை விட்டு விலகியவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் 2 வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தீர்க்கச் சொல்கிறது. "அப்புறம் வந்து வாங்கிக்க" என்று விலகியவரை அலைய விடும் பழக்கம் நம்மிடையேயும் உண்டு. விலகல் கடிதம் பதிவான அன்றே கணக்காளரின் திரையில் இரண்டு நாள் கெடுவோடு வேலை வந்து நின்றால், அந்தப் பழக்கத்துக்கு இடமே இருக்காது.

பெண் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2017 முதல், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும். தகுதியுள்ளவருக்கு இது சட்டம் தந்த உரிமை. யாரோ ஒருவர் மனமிரங்கி ஒப்புதல் தர வேண்டிய சலுகை போல இதைச் சாஃப்ட்வேரில் அமைக்கக் கூடாது.

ஜும்ஆ, ரமலான், பிறை

நம் குடும்பங்களுக்கு நேரடியாகத் தெரியும் பிரச்சினை இது. ஷிப்ட் அட்டவணையில் வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை மற்ற நாட்களைப் போலவே அரை மணி நேரம் என்று இருந்தால், ஜும்ஆவுக்குப் போய்வரும் ஊழியர் ஒவ்வொரு வாரமும் "தாமதம்" என்று பதிவாவார். மூன்று தாமதம் அரை நாள் சம்பளப் பிடித்தம் என்று விதி இருந்தால், யாரும் வேண்டுமென்றே செய்யாமலே அவருக்கு நஷ்டம் நடந்துகொண்டிருக்கும்.

பெருநாளும் இப்படித்தான். விடுமுறைப் பட்டியல் ஜனவரியிலேயே தேதியோடு ஏற்றப்படுகிறது. நமக்கோ பிறை பார்த்த பிறகுதான் நாள் தெரியும். ஒரு நாள் தள்ளினால் "முன் அனுமதி இல்லாத லீவு" என்று திரை காட்டும்.

இதற்கெல்லாம் தீர்வு உண்டு. வெள்ளிக்கிழமைக்குத் தனி இடைவேளை, ரமலானுக்குத் தனி ஷிப்ட், "பிறையைப் பொறுத்து மாறும் நாள்" என்று ஒரு விடுமுறை வகை, இவை மூன்றையும் அமைப்பது பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் கடினமான காரியம் இல்லை. கேட்க வேண்டும், அவ்வளவுதான். தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போக, 5 பண்டிகை விடுமுறைகள் உண்டு. அந்தப் பட்டியல் தயாராகும் நேரத்தில் எழுத்தில் கேட்பதுதான் சரி. பெருநாளுக்கு முந்தின இரவு கெஞ்சுவதில் பயன் குறைவு.

நம் கடைகளில் வேலை செய்யும் மாற்றுமதச் சகோதரர்களுக்கும் இதே நீதிதான். பொங்கலும் சித்திரைத் திருவிழாவும் கிறிஸ்துமஸும் நம் அட்டவணையில் மதிப்போடு இடம்பெற வேண்டும்.

திரை சொன்னால் இறுதியா?

அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு கருவியை உருவாக்கி, அது பெண்களைக் கீழே தள்ளுவது தெரிந்து கைவிட்டதை 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. அதற்கு முன் 10 வருடமாக வந்த விண்ணப்பங்களைப் பார்த்து அந்தக் கருவி கற்றிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. பழைய வழக்கத்தில் இருந்த சாய்வைக் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டது.

எனவே ஆள் எடுப்பது, சம்பளம் பிடிப்பது, வேலையை விட்டு நீக்குவது ஆகிய மூன்றிலும் கடைசி முடிவை ஒரு மனிதர் எடுக்கும் படி இருக்க வேண்டும். "எனக்கு ஆட்சேபம் உண்டு" என்று ஊழியர் பதிவு செய்ய ஒரு பொத்தானும், அதற்கு இத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்ற கெடுவும் வேண்டும். ஊழியரின் ஆதார், மருத்துவச் சான்று, சம்பள விவரம் ஆகியவற்றைத் தேவையானவர் மட்டுமே பார்க்கும்படி பூட்டுவதும் முதலாளியின் பொறுப்பு. தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் மத்திய அரசு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. நம் பார்வையில் அது அமானிதம்.

எங்கிருந்து தொடங்குவது?

இந்தத் துறையில் தமிழ்நாடு பின்தங்கவில்லை. செயல்முறை சாஃப்ட்வேரான கிஸ்ஃப்ளோ 2012இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. சென்னையிலும் தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் இயங்கும் ஜோஹோவுக்கு, ஊழியர் நிர்வாகத்துக்கென்று தனி சாஃப்ட்வேர் இருக்கிறது. மும்பையின் ஃபிராப்பே நிறுவனம் தரும் எச்.ஆர். சாஃப்ட்வேரின் மூலநிரல் இலவசமாகவே கிடைக்கிறது.

ஆனால் 5 பேர் வேலை செய்யும் கடைக்கு எந்தச் சாஃப்ட்வேரும் அவசியமில்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும். அதில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுவோம். இந்த வேலை யார் பொறுப்பு? அவர் வராவிட்டால் யார்? தாமதமானால் யாருக்குத் தெரிய வேண்டும்? ஊழியருக்குக் குறை இருந்தால் யாரிடம் சொல்வது? தாளில் எழுத முடியாததை எந்தச் சாஃப்ட்வேரும் நடத்தித் தராது. தாளில் அநியாயமாக எழுதியதை அது தவறாமல் தினமும் நடத்தும்.

எழுதும்போது ஊழியர்களையும் உட்கார வைத்து எழுதுவது மிக முக்கியம். எந்தப் படியில் வேலை தேங்குகிறது, யார் தலையில் சுமை ஏறுகிறது என்பது முதலாளியைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பி.காம்., பி.பி.ஏ. படிக்கும் நம் பிள்ளைகள் கோடிங் தெரியாததால் ஐ.டி. துறையே தங்களுக்கு இல்லை என்று நினைக்கிறார்கள். செயல்முறையைக் கேட்டறிந்து, வரைந்து, சாஃப்ட்வேரில் அமைப்பதற்கும் ஆட்கள் தேவை. அந்த வேலைக்கு மனிதர்களிடம் பொறுமையாகப் பேசவும் தெளிவாக எழுதவும் தெரிய வேண்டும். இந்த விடுமுறையில் வாப்பாவின் கடையிலேயே ஒரு வேலையைத் தாளில் வரைந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளைக்கு ஒரு தொழிலும் கடைக்கு ஓர் ஒழுங்கும் கிடைக்கும். அங்கே வேலை செய்பவருக்கும் தன் உரிமை எழுத்தில் இருக்கிறது என்ற நிம்மதி கிடைக்கும்.