கடற்பசலையை வீட்டு வாசலில் வளர்ப்போம்

பினாங்குத் தீவின் கடலோரங்களிலும் செபராங் பிறையின் சேற்றுக் கரைகளிலும் தரையோடு ஒட்டிப் படர்ந்து கிடக்கும் ஒரு செடியை நம்மில் பலர் மிதித்தே கடந்திருப்போம். சிவந்த தண்டு, நசுக்கினால் நீர் கசியும் தடித்த இலை, நாளில் சில மணி நேரமே விரியும் இளஞ்சிவப்புப் பூ ஆகியவை அதன் அடையாளங்களாம். மலாய்க்காரர்கள் இதனைக் ‘கெலாங் லாவுட்’ என்பர். கோழிப்பசலைக் கீரையை ஒத்திருப்பதால் நாம் கடற்பசலை என்றே அழைப்போம். பிலிப்பைன்ஸ் நாட்டினர் இதனை ஊறுகாயாகப் போட்டு விரும்பி உண்கின்றனர்.

பிற செடிகள் கருகும் உப்பு மண்ணில் இது செழிப்பது எவ்வாறு? உறிஞ்சிய உப்பை இலைகளில் நீரோடு சேர்த்து அடக்கிக்கொள்கிறது. தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1 ஹெக்டர் உவர்நிலத்தில் வளர்ந்த இச்செடி நான்கு மாதங்களில் 474 கிலோகிராம் உப்பை அகற்றியது. நிலத்துக்கு இது பெரும் நன்மையே. ஆயினும், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களையும் இதே செடி உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும். ஆதலின் ஜார்ஜ் டவுன் நகரத்துச் சாக்கடைகள் கடலில் கலக்கும் இடங்களிலும், பிறைத் தொழிற்பேட்டையை அடுத்த கரைகளிலும் விளைந்ததைப் பறித்துச் சமைத்தல் ஆகாது. பார்வைக்கு இலை பசுமையாகவே இருக்கும். நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

தூய்மையான கரையிலிருந்து ஒரு சாண் நீளத் தண்டுகள் சிலவற்றை மட்டும் கொண்டுவருதல் போதும். அடியிலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நட வேண்டும். ஒவ்வொரு கணுவும் வேர்விடும் ஆற்றல் உடையது. பாதி மணல் கலந்த மண், நீர் வடியும் துளையுள்ள தொட்டி, நாள் முழுதும் வெயில்: இம்மூன்றும் இன்றியமையாதவை. ரப்பர் மர நிழலில் இது தேறாது; லயத்தின் முன்புறமே ஏற்ற இடம். களைக்கொல்லி இருந்த டின்களை எவ்வளவு கழுவினாலும் தொட்டியாக்க வேண்டா. கடல்நீர் ஊற்ற வேண்டும் என்று சிலர் எண்ணுவர். அது தேவையில்லை. நல்ல நீரிலேயே வளரும். அவ்வாறு வளர்ந்த கீரையில் உப்புக் கரிப்பும் குறையும். மண் காய்ந்த பின்னரே நீர் விடுக. மழைக்காலத்தில் நீர் தேங்கினால் தண்டு அழுகிவிடும்.

கரையிலிருந்து வந்த பழைய இலைகளை உண்ணாது, புதிதாகத் துளிர்த்த நுனிகளையே கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளக் கிள்ளச் செடி அடர்ந்து கிளைக்கும். நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட்டு, பருப்போடு கூட்டாகவோ தேங்காய்ப்பூ தூவிப் பொரியலாகவோ சமைக்கலாம். சுவை பார்த்த பின்னரே உப்பிடுக, பெரும்பாலும் வேண்டியிராது. இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கல் ஆகிய நோய் உடையோர் மருத்துவரைக் கேட்காமல் இக்கீரையை உண்ணலாகாது.