‘அது மாதிரிக்குத்தான் சார்’ என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள்

வீடு வாங்கி ஏமாந்தவர்கள் கையில் ஒரு கவரோடு வருவார்கள். பிரித்தால் வழவழப்பான பிரோஷர் இருக்கும், பணம் கட்டிய ரசீதுகள் இருக்கும். மாதிரி வீட்டில் காட்டியதெல்லாம் நமக்கும் உண்டு என்று எழுதிய காகிதம் மட்டும் இருக்காது. “கண்ணால பார்த்தோமே சார், அப்புறம் என்ன எழுதி வாங்குறது?” என்பார்கள். இதையே எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்!

சென்னைக்குத் தெற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீடு தேடும் ஒரு தம்பதியோடு நானும் மாதிரி வீடு பார்க்கப் போனேன். வாசலில் பந்தல், உள்ளே மோர், குழந்தைகளுக்கு பலூன். படுக்கையறை விசாலமாகத் தெரிந்தது. கையோடு கொண்டுபோயிருந்த டேப்பைக் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். நீளம் ஐந்தரை அடி! கடையில் விற்கும் கட்டில் ஆறேகால் அடி இருக்கும். அலமாரியின் ஆழமும் ஒன்றேகால் அடிதான்; ஹேங்கரில் சட்டை மாட்டினால் கதவு மூடாது. அறைகளுக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கேட்டதும் விற்பனைப் பெண் சிரித்துக்கொண்டே, “அது மாதிரிக்குத்தான் சார்” என்றார்.

மாதிரிக்கு வைத்ததுதான். ஆனால் அதைக் காட்டித்தான் பணம் வாங்குகிறார்கள். ஆகவே அதற்குப் பொறுப்பும் உண்டு.

சட்டம் உங்கள் பக்கம்

2016-ல் நிறைவேறி 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் ‘ரெரா’ எனப்படும் ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, மாதிரி வீட்டைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவர், அதிலிருந்த தவறான தகவலால் நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். வீடே வேண்டாம் என்றால் கட்டிய முழுத்தொகையையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்பக் கேட்கலாம்.

பிறகு ஏன் தோற்கிறோம்? வீடுகள் விற்றுத் தீர்ந்ததும் மாதிரி வீட்டைக் கலைத்துவிடுவார்கள். நமக்கிருந்த ஒரே சாட்சி அதோடு போய்விடும்.

பார்க்கும் நாளிலேயே

அளவு டேப் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு அறையிலும் டேப்பை விரித்து, எண் தெரியும்படி படம் எடுங்கள். டைல்ஸ், குழாய், சுவிட்ச், பூட்டு ஆகியவற்றின் பிராண்டு தெரிய நெருக்கத்தில் எடுங்கள். படம் எடுக்கக் கூடாது என்று தடுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். இதில் எது வீட்டோடு வரும், எது வராது என்று அன்றே மின்னஞ்சலில் கேளுங்கள். வாயால் சொல்லும் பதிலை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் நிரூபிப்பது கடினம்.

பணம் கட்டுமுன்

முதலில் ரெரா பதிவு எண். விளம்பரத்தில் ஆணையத்தின் இணையதள முகவரி இருந்தாக வேண்டும். அந்தத் தளத்தில் எண்ணைப் போட்டுத் திட்டத்தின் பெயர், அனுமதி வரைபடம், முடிக்கும் தேதி மூன்றையும் நீங்களே பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்துக்கும் 8 வீட்டுக்கு மிகாத திட்டத்துக்கும் பதிவு தேவையில்லை. மற்றவர்கள் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்வதே குற்றம். “அப்ளை பண்ணியிருக்கோம், அடுத்த வாரம் வந்துடும்” என்றால் அடுத்த வாரமே வருகிறோம் என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

அடுத்தது, 13-ஆம் பிரிவு. எழுத்து மூலமான விற்பனை ஒப்பந்தம் போட்டுப் பதிவும் செய்யும்வரை, விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. இங்கேதான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். “இன்னைக்கே கட்டினா கார் பார்க்கிங் ஃப்ரீ” என்றதும் கால்வாசித் தொகையை அனுப்பிவிட்டு வருகிறார்கள். திரும்பவும் சொல்கிறேன்: பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். புக்கிங் படிவம் ஒப்பந்தம் ஆகாது. நோட்டரி முத்திரை குத்திய தாளும் பதிவு ஆகாது.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய மூன்று சொற்கள்

பொருள்களின் தர விவரப் பட்டியலில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று இருக்கும். தேக்குக் கதவைக் காட்டிவிட்டு ஃபிளஷ் டோர் மாட்டுவதற்கு இந்த மூன்று சொற்களே போதும். அதை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால், இணையான பிராண்டுகளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். கூடவே இப்படி ஒரு வாசகம் சேருங்கள்: ‘இன்ன தேதியில் காட்டப்பட்ட மாதிரி வீட்டின் புகைப்படங்கள் இணைப்பு 1-ல் உள்ளன. வீட்டோடு வராத பொருள்கள் இணைப்பு 2-ல் உள்ளன. மற்றவை அனைத்தும் அதே தரத்தில் ஒப்படைக்கப்படும்.’ ஒவ்வொரு படத்தின் கீழும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒப்புக்கொண்ட பொருத்தும் பொருள்களை உங்கள் சம்மதம் இல்லாமல் மாற்ற 14-ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை.

சாவி வாங்கும் நாள்

‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். கிரகப்பிரவேச நாள் குறித்தாயிற்று என்ற அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து ஒரு இன்ஜினியரை அழைத்துவந்து, ஓதம், விரிசல், தட்டினால் டொக்கென்று கேட்கும் டைல்ஸ், தண்ணீர் ஓடாத குளியலறைச் சரிவு எல்லாவற்றையும் எழுதி, அந்தப் பட்டியலுக்கு உட்பட்டே பெறுகிறேன் என்று உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்திடுங்கள்.

அதன் பிறகும் உரிமை போய்விடாது. சாவி வாங்கிய நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து, அதை நீங்கள் தெரியப்படுத்தினால், 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும். ஆனால் சூப்பர்வைசருக்குப் போன் செய்வது தெரியப்படுத்துவது ஆகாது. ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். அந்த நாளிலிருந்து எண்ணுங்கள்.

எங்கே, எந்தப் படிவம்?

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் சென்னை எழும்பூரில் இருக்கிறது. பணத்தைத் திரும்பப் பெற, தாமதத்துக்கு வட்டி கேட்க, குறையைச் சரிசெய்யச் சொல்ல: படிவம் எம். இழப்பீடு கேட்க: தீர்ப்பு அலுவலரிடம் படிவம் என். இந்த அதிகாரப் பிரிவினையை உச்ச நீதிமன்றமே 2021-ல் தெளிவாக்கிவிட்டது. இரண்டையும் குழப்பி மாதக்கணக்கில் அலைந்தவர்கள் உண்டு. வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே ஆஜராகலாம். உத்தரவில் குறையிருந்தால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம்.

உத்தரவு கிடைத்தும் நிறுவனம் பணம் தராவிட்டால், நிலவருவாய் பாக்கியைப் போல வசூலிக்க 40-ஆம் பிரிவு இருக்கிறது. வசூல் சான்றிதழ் மாவட்ட ஆட்சியருக்குப் போகும். போய் அங்கேயே கட்டோடு கட்டாகக் கிடக்கும். ஏழையின் வரி பாக்கிக்கு ஓடிவந்து நோட்டீஸ் ஒட்டும் வருவாய்த் துறைக்கு, பில்டரின் கதவு மட்டும் தூரமா? சான்றிதழ் நகலோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எண்ணை வாங்காமல் நகராதீர்கள்.

சொந்த மனையில் கட்டுபவர்களுக்கு

ஒப்பந்தக்காரர் தான் கட்டிய வீட்டைச் சுற்றிக்காட்டி, சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி உங்கள் மனையில் கட்டித்தந்தால் ரெராவை நம்பாதீர்கள். அது விற்பனைக்குக் கட்டுபவர்களுக்கான சட்டம். உங்களுக்கு உள்ளது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித்தருவதும் அதில் ஒரு சேவை. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். முதலில் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியலாம். சிமென்ட், கம்பி, பூச்சு, பெயின்ட் கோட் எண்ணிக்கை வரை எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த அளவுக்கே பணம் கொடுங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் தாண்டும்வரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

என்னோடு வந்த தம்பதி படங்களை இணைப்பாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஹெட் ஆபீஸில் கேட்டுச் சொல்வதாகப் பதில் வந்திருக்கிறது. கேட்டுச் சொல்லட்டும். அதுவரை அவர்கள் செக் புக் பீரோவிலேயே இருக்கும். உங்களுடையதும் அப்படியே இருக்கட்டும்.