தொழில் சுமந்த பெயர்கள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலோ வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிறவர், வடநாட்டிலிருந்து வந்தோருடைய லோஹார், சுதார் என்னும் பெயர்களில் கொல்லரும் தச்சரும் பிரத்தியட்சமாய் விளங்குவதையும், ஆயுள் முழுதும் இரும்போடு பழகிய நம்மவர் பெயர்களின் முன்னே தந்தையைச் சுட்டும் இனிஷியல் மாத்திரம் நிற்பதையும் காண்பார். இத்தாலியரும் இவ்விஷயத்தில் வடவரைப் போன்றவரே. பெர்ராரி என்பது கொல்லன் குடும்பம்; சர்த்தோரி தையற்காரர் குடும்பம்; பிளாரன்ஸை ஆண்ட மெடிச்சியரோ வட்டிக்கடையால் செழித்தும் பெயரளவில் வைத்தியர்கள். 1563-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் கோயில்தோறும் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கும்படி விதித்தபின் இப்பெயர்கள் பின்னும் ஸ்திரப்பட்டன.

தமிழருக்கு இவ்வழக்கம் புதிதன்று. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். மதுரை அறுவைவாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். உறையூர் மருத்துவன் தாமோதரனாரும் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனாரும் தத்தம் தொழிலோடேயே சங்கப் புலவர் வரிசையில் வீற்றிருக்கிறார்கள். முல்லைப்பாட்டைப் பாடியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார்: முதலில் ஊர், அடுத்துத் தந்தை, கடைசியில் தாம். ஊருக்கோரெழுத்தும் தந்தைக்கோரெழுத்துமாக நம் பெரியவர்கள் கையெழுத்திட்ட முறைக்கு இதைவிடப் பழைய முன்மாதிரியைத் தேட வேண்டுவதில்லை.

எனினும், கூலவாணிகன் என்ற அடைமொழி சாத்தனாரின் பேரனுக்குச் சொத்தாக இறங்கவில்லை. இத்தாலியில் கொல்லன் மகன் வக்கீலானாலும் பெர்ராரியாகவே இருந்தான். அதாவது பெயர் நிலைத்தது, தொழில் கழன்றது. இங்கே தொழிலே பிறப்போடு பிணைக்கப்பட்டுப் பரம்பரையாக இறங்க, ஆசாரி, செட்டி என்னும் பட்டங்கள் உழைப்பைக் காட்டிலும் ஜாதியின் படித்தரத்தையே பறைசாற்றின. ஆகையால்தான் 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னபோது, அது வெறும் பெயர்த் திருத்தமாக இல்லை. பூவிருந்தவல்லியில் வைசிய குலத்திற் பிறந்து காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியின் பெயரிலோ, அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, குலமுமில்லை, வாணிகமுமில்லை. பெருமாளின் ஊர் மட்டுமே உண்டு.

இன்று ஆவடியிலிருந்து அயல்நாடு செல்லும் இளைஞர், பாஸ்போர்ட் விண்ணப்பம் குடும்பப் பெயரைக் கேட்பதால், தந்தை பெயரை அக்கட்டத்தில் நிரப்புகிறார். அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கும் அதுவே தொடர்வதால், பாட்டனார் பெயர் வம்சப் பெயராகிவிடுகிறது. இத்தாலியின் தி ஜொவான்னி, தே லூக்கா குடும்பங்களும் ஏதோவொரு காலத்தில், தொழிலை விடுத்து ஒரு முன்னோனின் பெயரைப் பற்றிக்கொண்டு, இவ்விதமே உண்டானவை.