குறைந்த சர்க்காரை வேண்டும் அபேட்சகரும் கூட்டுறவு அங்கத்தினரும்

சட்டசபைத் தேர்தல் நெருங்கும்போது நம் கூமாப்பட்டி வட்டாரத்தில் இருவகைப் பேச்சு எழுவதுண்டு. "விளைந்ததை விரும்பிய விலைக்கு விற்க விட்டால் போதும், சர்க்கார் வேறொன்றும் செய்ய வேண்டாம்" என்பார் நெல்லும் தென்னையும் வைத்திருப்பவர். "நூல் விலையைச் சர்க்கார் கவனியாவிட்டால் தறி நின்றுவிடும்" என்பார் சுந்தரபாண்டியத்து நெசவாளர். இருவரும் கூட்டுறவு அங்கத்தினர்களே. ஆகவே, "சர்க்காரின் அதிகாரத்தைக் குறைப்பேன்" என்று கூறி வாக்குக் கேட்கும் அபேட்சகர் ஒருவரை நாம் ஆதரிக்கலாமா என்பது வீண் விவாதம் அன்று. நம் ராஜ்யத்தில் இக்கேள்வி ஒரு முறை நேராகவே எழுந்தது. அவ்வரலாற்றை அறிந்துகொள்வது நமக்கு நன்மை பயக்கும்.

கட்சி பிறந்த காரணம்

1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, கூட்டுப் பண்ணை விவசாயமே நாட்டின் வருங்கால முறை என்று தீர்மானித்தது. நிலத்தின் உரிமை அவரவருக்கே இருக்கும். ஆயினும் சாகுபடி ஒன்றாக நடக்கும். விளைவில் நிலத்துக்கும் உழைப்புக்கும் பங்கு கிடைக்கும் என்பது அதன் சாரம். முதல் மூன்றாண்டுகளில் சேவைக் கூட்டுறவுச் சங்கங்களை அமைப்பது என்றும், கூட்டுப் பண்ணையைப் பின்னர் விரிவாக்குவது என்றும் கூறப்பட்டது.

இதனை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ராஜாஜி. அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. விவசாயிகளின் தலைவரான என். ஜி. ரங்கா அதன் தலைவரானார். மினு மசானி பொதுச் செயலாளரானார். லைசென்சு, பர்மிட், கோட்டா ஆகியவற்றைக் கொண்டு சர்க்கார் தொழிலையும் வாணிபத்தையும் ஆட்டிவைப்பதை "பர்மிட்-லைசென்சு-கோட்டா ராஜ்யம்" என்று ராஜாஜி கண்டித்தார். தனிமனிதனின் உழைப்பிலும் சொத்திலும் சர்க்கார் குறைவாகவே தலையிட வேண்டும் என்பது அக்கட்சியின் அடிப்படை.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். அக்கட்சி எதிர்த்தது கூட்டுறவை அன்று. கட்டாயத்தின் நிழல் விழுந்த கூட்டுறவையே. இவ்வேற்றுமைக்கு உதாரணம் தேடித் தூரம் போக வேண்டியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பசு அவரவருடையது. தீவனமும் பராமரிப்பும் அவரவர் பொறுப்பு. பாலைச் சேர்ப்பதும், பால்கோவாவாக்கி விற்பதுமே பொது. இது சேவைக் கூட்டுறவு. பசுக்களையெல்லாம் ஒரே தொழுவத்தில் கட்டி, பங்கு பிரித்துக்கொள்ளச் சொன்னால் அதுவே கூட்டுப் பண்ணை.

விவசாயி ஏன் செவிசாய்த்தார்?

ராஜாஜியின் சொல்லுக்கு விவசாயிகளிடம் மதிப்பு இருந்ததற்கு முன் நிகழ்ச்சி ஒன்று காரணம். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் நம் ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா. யுத்த காலத்தில் வந்த உணவுக் கட்டுப்பாடும் ரேஷனும் அப்போதும் நீடித்தன. அவருக்குப் பின் 1952 ஏப்ரலில் பதவியேற்ற ராஜாஜி, ஜூன் மாதத்திலேயே அக்கட்டுப்பாட்டை நீக்கினார். பஞ்சம் வந்துவிடும் என்று பலர் அஞ்சினர்; அவ்வாறு வரவில்லை. பதுங்கியிருந்த தானியம் சந்தைக்கு வந்தது. பிற ராஜ்யங்களிலும் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன.

நெசவாளரின் சங்கடம்

ஆனால் அதே ராஜாஜி, அதே பதவிக் காலத்தில், வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய சர்க்காரிடம் வற்புறுத்தினார். மில் துணி மீது கூடுதல் வரி விதித்து, அத்தொகையைக் கதர், கைத்தறி வளர்ச்சிக்குச் செலவிடும் மத்தியச் சட்டம் 1953இல் வந்தது. நெல்லுக்குத் தடையை நீக்கியவரே தறிக்கு வேலி கேட்டார். மதுவிலக்கிலும் அவ்வாறே: 1937இல் சேலம் ஜில்லாவில் அதனைத் தொடங்கியவர் அவர், 1971இல் சர்க்கார் அதனைத் தளர்த்தியபோது வேண்டாமென்று மன்றாடியவரும் அவரே.

இதனை முரண்பாடு என்று சிலர் கூறலாம். நாம் அறிய வேண்டிய பாடம் வேறு. சுதந்திரத்தைக் கொள்கையாகக் கொண்டவரும் எங்கோ ஓரிடத்தில் கோடு கிழிக்கிறார். அக்கோடு நம் தறிக்கு அப்பால் விழுகிறதா, இப்பால் விழுகிறதா என்பதே நெசவாளர் கவனிக்க வேண்டுவது. வேட்டி, சேலை முதலிய சில ரகங்களைக் கைத்தறிக்கு ஒதுக்கும் மத்தியச் சட்டம் 1985இல் பிறந்தது. நூற்பாலைகள் தம் நூலில் ஒரு பகுதியைச் சிட்டமாகத் தர வேண்டும் என்பதும் சர்க்கார் விதியே. சர்க்காரின் கை முற்றிலும் விலகினால் இவையும் விலகும்.

விவசாயியும் எண்ணிப் பார்க்க வேண்டியது உண்டு. மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளைக் கட்டியது எந்தத் தனி முதலாளியும் அன்று. நம் கண்மாய்களுக்கு வரும் நீர் சர்க்காரின் காரியமே.

தேர்தலில் கண்டது

1962இல் சென்னைச் சட்டசபைக்குச் சுதந்திராக் கட்சி பெற்ற இடங்கள் 6. 1967இல் தி.மு.க.வுடன் உடன்பாடு கண்டு 20 இடங்கள் பெற்றது. அதே ஆண்டில் லோக்சபையில் 44 இடங்களுடன் பெரிய எதிர்க்கட்சியாயிற்று. ஆனால் 1967இல் அமைந்த புதிய சர்க்கார் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்னும் திட்டத்தை முன்வைத்தது. சர்க்கார் குறைய வேண்டும் என்று எண்ணி வாக்களித்தவர், சர்க்கார் வளர்வதற்கும் சேர்த்தே வாக்களித்தவராயினர். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சி வேறொரு கட்சியுடன் இணைந்து மறைந்தது.

இன்று அத்தகைய கட்சி புதிதாகத் தோன்றுவதிலும் இடையூறு உண்டு. 1989இல் நடைமுறைக்கு வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தின்படி, பதிவு பெற விரும்பும் கட்சி சோஷலிசக் கொள்கைக்கு விசுவாசம் தெரிவிக்க வேண்டும். அதனை ஏற்காதவர் சுயேச்சையாக நிற்கலாம். மனம் ஒப்பாமல் கையெழுத்திட்டும் நிற்கலாம். இரண்டும் நேரிய வழிக்கு அழகல்ல.

நாம் கேட்க வேண்டியவை

சங்கம் எக்கட்சியையும் சாராதது, சாரவும் கூடாது. ஆனால் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாக்காளர். குறைந்த சர்க்காரை வேண்டும் அபேட்சகர் நம் வாசலுக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேட்போம்.

முதலாவது: எந்தக் கட்டுப்பாட்டை நீக்குவீர், எந்தப் பாதுகாப்பை வைத்திருப்பீர்? பெயர் சொல்லி விடையளிக்கட்டும்.

இரண்டாவது: யாருடன் உடன்பாடு செய்வீர்? 1967 கற்பித்த கேள்வி இது.

மூன்றாவது: எங்கள் சங்கத்தை எங்களிடமே விடுவீரா? 2011இல் நிறைவேறிய 97ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதைப் பிரஜையின் அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. ஆயினும் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவுக்குப் பதிலாகத் தனி அலுவலர்கள் நெடுங்காலம் சங்கங்களை நடத்தியதையும் நம் ராஜ்யம் கண்டிருக்கிறது. சுதந்திரம் பேசுபவர் இதற்கு விடை சொல்லாமல் போக இயலாது.

இக்கேள்விக்கு நேர்மையான விடை தருபவர் எக்கட்சியினராயினும் மதிக்கத் தக்கவர். ஆனால் ஒன்றை மறவாதிருப்போம். சர்க்கார் விலகினால் அந்த இடம் வெற்றிடமாக நிற்காது. நம் சங்கம் திறமையுடன் நடந்தால் அங்கே நாம் இருப்போம். இல்லையேல் தரகர் இருப்பார். மகாசபைக் கூட்டத்துக்கு வராத அங்கத்தினருக்கு எந்த அபேட்சகரும் சுதந்திரம் வாங்கித்தர முடியாது.