குறிப்பேடு யார் கையில்?

1916 மே மாதம். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மானிடவியல் வகுப்பு. 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதி எப்படித் தோன்றியது, எப்படி இயங்குகிறது என்று கட்டுரை வாசித்தார். சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கம்தான் சாதியைத் தாங்கி நிற்கிறது என்றார். அந்த மாணவர்தான் அண்ணல் அம்பேத்கர். சட்டமேதையாக அவரை அறிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மானிடவியல் என்றொரு படிப்பு இருப்பது தெரியும்?

மக்களோடு தங்கி, பழகி, அவர்கள் வாழ்க்கையை எழுதுவதே மானிடவியலாளரின் வேலை. ஒரு நடவிலிருந்து அடுத்த நடவு வரையாவது ஊரில் இருக்க வேண்டும். பேச்சுவழக்கும் உறவுமுறையும் தெரிய வேண்டும். குறுக்கே பேசாமல் கேட்கும் பொறுமை வேண்டும். கண்டதை அன்றன்றே எழுதிவிட வேண்டும். தகவல் சொன்னவரின் பெயர் வெளியே வந்தால் அவருக்கு ஊரில் என்ன நேரும் என்றும் யோசிக்க வேண்டும்.

எங்கே தங்குகிறோம் என்பதும் முக்கியம். அறிஞர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்டார். ஊருக்கு அவர் வைத்த புனைபெயர் ஸ்ரீபுரம். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஆதிதிராவிடர் பற்றித் தமக்குக் கிடைத்த தகவல்கள் அவ்வளவு வலுவானவை அல்ல என்று அவரே நேர்மையாக எழுதினார். செங்கல்பட்டுப் பகுதியில் ஆய்வு செய்த அமெரிக்கர் ஜோன் மென்ச்சர், சாதியைக் கீழிருந்து பார்த்தார். மேலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒத்துழைப்பாகத் தெரிந்தது, அடியில் இருப்பவர்களுக்குச் சுரண்டலாக இருப்பதை 1974இல் எழுதினார்.

திருவரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசியைப் பற்றி எழுதாதவர் இல்லை. கூட்டம் கலைந்த பின் வீதியைக் கூட்டும் பெண் எங்கிருந்து வருகிறார், எத்தனை மணிக்கு எழுகிறார், அவருடைய மகள் என்ன படிக்கிறாள் என்று எழுதியவர் எத்தனை பேர்? திருச்சிக் கல்லூரி மாணவர் ஒருவர் நகரப் பேருந்தில் போய்வந்தே தொடங்கக்கூடிய களப்பணி இது.

சென்னை, புதுவைப் பல்கலைக்கழகங்களில் மானிடவியல் துறை இருக்கிறது. ஐ.ஏ.எஸ். தேர்விலும் இது ஒரு விருப்பப்பாடம். இந்திய மானிடவியல் ஆய்வகம் என்ற மத்திய அரசு நிறுவனமும் உண்டு.

இத்தனை காலம் நம் சேரிகளுக்கு வந்தவர்கள் கேட்டார்கள், நம்மவர்கள் பதில் சொன்னார்கள். இனி கேள்விகளையும் நம் பிள்ளைகள் கேட்கட்டும். சேரியில் மட்டுமல்ல, அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் போய்க் கேட்கட்டும்.