லினக்ஸ் கணினியில் வலையமைப்புச் சிக்கல்களைக் கண்டறிதல்

லினக்ஸ் கணினியில் இணையமோ உள்ளக வலையமைப்போ இயங்காதபோது, பழுது எந்த அடுக்கில் உள்ளது என்பதைப் படிப்படியாகச் சோதித்து அறிவதே வலையமைப்புச் சிக்கல் கண்டறிதல் ஆகும். கம்பி, வலையமைப்பு அட்டை, ஐ.பி. முகவரி, நுழைவாயில், டி.என்.எஸ். என்ற வரிசையில் கீழிருந்து மேலாகச் சோதிப்பது வழக்கம். ஒரு படி சரியாக உள்ளது என்று உறுதியான பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். இல்லையெனில், நன்றாக இயங்கும் அமைப்புகளையும் மாற்றிப் பழுதைப் பெரிதாக்கிவிட நேரும்.

பின்னணி

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்த இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவும் டெபியன் வழி வந்ததே. எனவே கீழுள்ள சோதனைகள் இவை அனைத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும். கட்டளைகள் இங்கே தமிழ் ஒலிபெயர்ப்பில் உள்ளன; முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் உள்ளிட வேண்டும்.

பழைய பாடநூல்களில் காணப்படும் 'இஃப்கான்ஃபிக்' கட்டளை புதிய லினக்ஸ் பதிப்புகள் பலவற்றில் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதற்கு மாற்றாக 'ஐபி' கட்டளை பயன்படுகிறது. அதுபோலவே, முன்பு 'ஈத்0' என்றிருந்த அட்டையின் பெயர் இப்போது 'ஈஎன்பி3எஸ்0' போன்ற வடிவில் இருக்கும். இது பழுதன்று.

சோதனைப் படிகள்

1. இணைப்பு: 'ஐபி லிங்க்' என்று உள்ளிட்டால் கணினியிலுள்ள அட்டைகள் பட்டியலிடப்படும். 'நோ-கேரியர்' என்று காட்டினால் கம்பி, அதன் முனை, ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வைஃபை அட்டை பட்டியலில் இருந்தும் இயங்காவிட்டால், 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளை அது முடக்கப்பட்டுள்ளதா என்று காட்டும். விசைப்பலகையின் விமானக்குறி விசை தவறுதலாக அழுத்தப்பட்டிருப்பது அடிக்கடி காணப்படும் காரணம்.

வைஃபை அட்டை பட்டியலிலேயே இல்லையென்றால், அதற்குரிய ஃபர்ம்வேர் இல்லாமல் இருக்கலாம். 2023இல் வெளிவந்த டெபியன் 12க்கு முந்தைய வழக்கமான நிறுவல் வட்டுகளில் தனியுரிம ஃபர்ம்வேர் சேர்க்கப்படவில்லை. அதைப் பதிவிறக்கவே இணையம் தேவைப்படும். அப்போது கைபேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து 'டெதரிங்' வசதியை இயக்கலாம். ஆண்ட்ராய்டு கைபேசியாயின், பெரும்பாலும் கூடுதல் மென்பொருள் ஏதுமின்றி லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாக ஏற்றுக்கொள்ளும்.

2. முகவரி: 'ஐபி ஏ' கட்டளை கணினியின் ஐ.பி. முகவரியைக் காட்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிலிருந்து டி.எச்.சி.பி. வழியாக முகவரி கிடைக்கவில்லை. கணினி தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். இணைப்பை ஒருமுறை துண்டித்து மீண்டும் இணைக்க வேண்டும். அப்போதும் அதே நிலை என்றால் ரூட்டரைச் சோதிக்க வேண்டும்.

3. நுழைவாயில்: 'ஐபி ரூட்' கட்டளையின் விடையில் 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரி இருக்க வேண்டும். அதிலுள்ள முகவரியே ரூட்டர். அந்த வரி இல்லையென்றால், உள்ளகக் கணினிகளை அடையலாம். இணையத்தை அடைய முடியாது.

4. பிங்: முதலில் ரூட்டரின் முகவரிக்கும், அடுத்து 8.8.8.8 போன்ற வெளி முகவரிக்கும், இறுதியாக ஒரு தளத்தின் பெயருக்கும் 'பிங்' செய்ய வேண்டும். கன்ட்ரோல்-சி அழுத்தும் வரை பிங் நிற்காது.

- ரூட்டரே விடை தராவிட்டால், பழுது பெரும்பாலும் கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ளது.
- ரூட்டர் விடை தந்து, வெளி முகவரி தராவிட்டால், ரூட்டரையோ இணைய நிறுவனத்தின் இணைப்பையோ பார்க்க வேண்டும். சில அலுவலகங்கள் பிங்கைத் தடுத்து வைத்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்க.
- எண் முகவரி விடை தந்து, தளத்தின் பெயர் தராவிட்டால், பழுது டி.என்.எஸ்.இல் உள்ளது.

உபுண்டுவில் டி.என்.எஸ். முகவரி 127.0.0.53 என்று இருப்பது இயல்பே. அது கணினிக்குள் இயங்கும் இடைநிலைச் சேவை. 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பை நேரடியாகத் திருத்தினால் அம்மாற்றம் பெரும்பாலும் அழிந்துவிடும். வலையமைப்பு அமைப்புகளில் மாற்றுவதே நிலைக்கும்.

5. கடிகாரம்: பிங் சரியாக இருந்தும் இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை தந்து திறக்க மறுத்தால், கணினியின் தேதியைப் பார்க்க வேண்டும். பழைய மடிக்கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். தேதியைத் திருத்தினால் போதும்.

எடுத்துக்காட்டு: சிவகாசி அச்சகம்

தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களுக்காக வளர்ந்த சிவகாசி அச்சுத்தொழிலில், ஆடிப்பெருக்கையொட்டி நாட்காட்டி ஆல்பங்கள் வெளியாகும். பின்னர் ஆண்டிறுதி வரை வேலை நெருக்கடிதான். வடிவமைப்புக் கணினியிலிருந்து பிளேட் எடுக்கும் இயந்திரத்துக்குக் கோப்பு செல்லாவிட்டால் அச்சு இயந்திரமும் நின்றுவிடும்.

அத்தகைய ஓர் அச்சகத்தில் பழுதான ரூட்டரை மாற்றுவதாகக் கொள்வோம். பழைய ரூட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கியது; புதியது 192.168.0 என்று வழங்குகிறது. வடிவமைப்புக் கணினி புதிய முகவரியைப் பெற்று இணையத்தில் இணைந்துவிடும். ஆனால் பிளேட் இயந்திரத்துக்கு 192.168.1.50 என்ற நிலையான முகவரி முன்பே பதியப்பட்டுள்ளது. இரண்டும் இப்போது வெவ்வேறு உள்வலைகளில் உள்ளன. இணையம் வரும், இயந்திரம் மட்டும் வராது. இயந்திரம் பழுதடைந்துவிட்டது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரை அழைப்பதற்கு முன் 'ஐபி ஏ' விடையில் மூன்றாம் எண்ணைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

இதற்கு எளிய தீர்வு, புதிய ரூட்டரின் உள்ளக முகவரியைப் பழையபடி 192.168.1.1 என்று மாற்றுவது. இயந்திரத்தில் எதையும் தொட வேண்டியதில்லை. கூடவே, ரூட்டர் தானாக வழங்கும் முகவரி வரம்பில் 50ஆம் எண் வராதபடி ஒதுக்க வேண்டும். இல்லையெனில் வேறொரு கைபேசிக்கு அதே முகவரி கிடைத்து, இணைப்பு விட்டுவிட்டு அறுபடும்.

கவனிக்க வேண்டியவை

எதையும் மாற்றுவதற்கு முன் இருக்கும் அமைப்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, உடனே சோதிக்க வேண்டும். பயன் தராத மாற்றத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே அடுத்ததை முயல வேண்டும். நிலையான முகவரி கொண்ட கருவிகளின் பட்டியலை ரூட்டரின் அருகே ஒட்டி வைப்பது, அடுத்த முறை பழுது பார்ப்பவருக்குப் பெரிதும் உதவும்.