விடையும் காரணமும்

வகுப்பறைப் பயிற்றலைக் கடுமையாக்குவதென்றால் வீட்டுப்பாடத்தைப் பெருக்குவதென்றே பலர் கருதுகின்றனர். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் வகுத்த படிநிலைகளில் நினைவுகூர்தல் கீழ்ப்படி. பகுத்தாய்தலும் மதிப்பிடுதலும் மேற்படிகள். பயிற்சிக் கல்லூரியில் இவற்றை மனப்பாடம் செய்தே தேறினோம் என்பது வேடிக்கை!

அண்மையில் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். சுற்றுலா செல்வோர் 95 பேர். ஒரு பேருந்தில் 40 பேர் அமரலாம். எத்தனை பேருந்துகள் வேண்டும்? பெரும்பாலோர் '2, மீதி 15' என எழுதினர். வகுத்தலில் பிழையில்லை, ஆயினும் 15 பிள்ளைகள் பள்ளி வாசலிலேயே நிற்கின்றனர்.

முன்பெல்லாம் 'விடை 3' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த கணக்கிற்குச் சென்றிருப்பேன். இம்முறை, "அந்த மீதி 15 என்பது என்ன?" என்று வினவிவிட்டு வாய் திறவாது காத்திருந்தேன். அக்காத்திருப்பே கடினம், ஆசிரியரின் நா எளிதில் அடங்குவதில்லை. சற்று நேரங்கழித்துச் சிலர் 'மூன்று' என்றனர், காரணமும் கூறினர். அப்பொழுது கடைசி வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, இரண்டு பேருந்தும் ஒரு வேனும் போதாதா?" என்றாள். என் விடைக்குறிப்பில் அது இல்லை. அவளிடமும் காரணம் கேட்டேன். வேனில் எத்தனை பேர் அமரலாம் என்பதை முதலில் அறியவேண்டும் என்றாள்.